தப்பாகச் சொன்ன வேகன்கள்

ஜூலை 2, ஞாயிறு

மனைவி பிலோமினாவை இன்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பதினான்கு நாள் ஆஸ்பத்திரி வாசம் முடிந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வலது கால் இழுத்தது. பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டுத் தானே படியேறினாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மெஹருன்னிசா தினமும் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். சின்ன வயசுப் பெண், ஆனால் கண்டிப்பானவர். வெறும் பட்டியல் வேண்டாமாம். எந்தச் சொல், என்ன நடந்தபோது வந்தது என்று எழுத வேண்டுமாம். நான் இருபத்தொன்பது வருடமாகத் தமிழாசிரியன். எழுதுவதில் சிரமம் இல்லை.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். ஜூன் 18 அன்று காலை ஷிஃப்ட் முடித்து இரண்டரை மணிக்கு வந்தாள். மூன்று மணிக்குப் படுத்தாள். நன்றாகத்தான் இருந்தாள். ஆறரைக்குக் காபி கொடுக்கப் போனபோது வாய் கோணியிருந்தது, வலது கை துவண்டு கிடந்தது. ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் போட ஒரு ஊசி இருக்கிறதாம். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். தூங்கும்போது வந்திருக்கிறது, தெரியவில்லை என்றேன்.

இன்று வந்த சொற்கள்: ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஜெபமாலை சொன்னேன். "அருள் நிறைந்த மரியே" முழுவதையும் தடங்கலில்லாமல் கூடவே சொன்னாள். முடித்ததும் தண்ணீர் கேட்க வாய் திறந்தாள். வரவில்லை. சொம்பைக் காட்டினாள்.

ஜூலை 3, திங்கள்

துணி துவைத்தேன். அவளுடைய காக்கிச் சட்டைகள் மூன்று. காலரில் கிரீஸ் இருந்தது, போகவில்லை.

ஜூலை 5, புதன்

காலையில் தெளிவாக ஒரு சொல் சொன்னாள்: "பாக்ஸன்." சீப்பைக் கொடுத்தேன். இல்லை. துண்டைக் கொடுத்தேன். இல்லை. ஜன்னலைத் திறந்தேன். "பாக்ஸன், பாக்ஸன்" என்று சொல்லி அழுதாள். கடைசியில் அவளே நடந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

ஜூலை 9, ஞாயிறு

பிலோவின் கீழ் வேலை செய்யும் ஃபிட்டர் கோதண்டம் பழத்தோடு வந்தார். அவரைப் பார்த்ததும் பிலோவின் முகம் மலர்ந்துவிட்டது. இடது கையால் அவர் தோளைத் தட்டி, "பாக்ஸன், பி.சி.என்., பி.டி.பி.என்., பாபின்" என்று ஒன்று இரண்டு எண்ணுவதுபோல் அடுக்கினாள். கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா ஒண்ணும் மறக்கல சார். எல்லா வேகனும் வருது பாருங்க."

அவை என்ன என்று கேட்டேன். பாக்ஸன் என்றால் நிலக்கரி வரும் திறந்த வேகன் என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சாருக்குத் தெரியாதா என்று கேட்டார். வீட்டில் வேலையைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை என்றேன். அது உண்மைதான். இருபத்தாறு வருடத்தில், அவள் கூட்ஸ் வண்டிகளைப் பரிசோதிக்கும் யார்டுக்கு நான் போனதில்லை. பள்ளியில் யாராவது கேட்டால், ரயில்வேயில் ஆபீசில் இருக்கிறாள் என்று சொல்வேன். எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஜூலை 12, புதன்

அலமாரியில் அவளுடைய நோட்டு ஒன்று கிடைத்தது. இலாகா பரீட்சைக்காகப் பத்து வருடத்துக்கு முன் எழுதியது. அவளுக்கு இவ்வளவு அழகான கையெழுத்து என்பது எனக்கு நினைவில்லை.

பள்ளியில் இடைவேளையில் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு பெயரும் ஒரு பகுபதம். முதலில் நிற்கும் "பி", வேகனின் அடியில் இரு முனையிலும் நான்கு சக்கர வண்டி பூட்டியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. அடுத்த எழுத்து ஜாதி. "ஓ" என்றால் திறந்தது, "சி" என்றால் கூரை போட்டு மூடியது, "டி" என்றால் டேங்க், "எஃப்" என்றால் வெறும் தட்டு. கடைசியில் வரும் "என்" விகுதி மாதிரி, காற்று பிரேக் உள்ளது என்று பொருள். நிலக்கரி நனையலாம், அதற்குத் திறந்தது. அரிசியும் உரமும் நனையக்கூடாது, அவற்றுக்கு மூடியது. ஜல்லி வழியிலேயே கொட்ட வேண்டும், அதற்கு அடியில் கதவு வைத்த பாபின்.

வேகனின் மேல் பதினோரு இலக்க எண் வேறு இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே, அடுத்த இரண்டு பிறந்த வருடம். ஒரு பக்கத்தின் ஓரத்தில் பிலோ எழுதியிருந்தாள்: "இவரிடம் கேட்டால் சுலபமாக மனப்பாடம் பண்ண வழி சொல்வார். கேட்க வேண்டும்."

கேட்டாளா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

மெஹருன்னிசா வந்தார். நோட்டைக் காட்டினேன். நல்லது, பழகின சொல்லிலிருந்தே தொடங்கலாம் என்றார். ஆனால் இப்போது அது ஜெபம் மாதிரி வாய்ப்பழக்கமாக வருகிறது, பொருளோடு சேரவில்லை என்றும் சொன்னார்.

பிலோவிடம் என்னைக் காட்டி, "இவங்க பேரு என்னம்மா?" என்று கேட்டார். பிலோ தலையைக் குனிந்துகொண்டாள். வரவில்லை என்று அவர் எழுதினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை, "ஏங்க"தான் என்று சொன்னேன். அப்படியானால் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அந்தப் பெண் சிரித்தார். பிலோவும் சிரித்தாள். வாய் ஒரு பக்கம் மட்டும் போனாலும் நல்ல சிரிப்பு.

போகும்போது, அன்று மூன்று மணிக்குப் பேச்சு சரியாக இருந்ததா என்று கேட்டார். சரியாக இருந்தது என்றேன். பிலோ கையில் வைத்திருந்த பட அட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். களைப்பாக இருந்திருக்கும்.

ஜூலை 23, ஞாயிறு

இந்த வாரம் வந்தவை: இல்ல, வா, சோறு, மழை, சனியன். கடைசிச் சொல் மிக்ஸியைப் பார்த்து.

தினமும் சாயங்காலம் பொன்மலை ஸ்டேஷன் வரை நடக்கிறோம். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து கூட்ஸ் வண்டிகளைப் பார்க்கிறோம். காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து நெல். ஐம்பத்தெட்டு வேகன் போகும்வரை அவள் கண் சிமிட்டுவதில்லை. சக்கரத்தை மட்டுமே பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

கடிதம் வந்தது. செப்டம்பர் 27 அன்று மெடிக்கல் போர்டு. யார்டு வேலைக்குத் தகுதியா இல்லையா என்று அன்று முடிவாகும். பிலோ கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். படித்தாளா என்று தெரியவில்லை.

பெங்களூரிலிருந்து மகள் டெய்சி பேசினாள். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டால் அம்மாவுக்கு நிம்மதி என்றாள். போனை பிலோவின் காதில் வைத்தேன். ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தாள். எதிரில் முகம் இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு சொல்லும் வருவதில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா விண்ணேற்புத் திருநாள். கோயிலில் எல்லோரும் விசாரித்தார்கள். பிலோ நீலப் புடவை. பின் குத்த நான் கற்றுக்கொண்டேன். என் கட்டைவிரலில் இரண்டு துளை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இன்று கோதண்டம் அனுமதி வாங்கி எங்களை யார்டுக்குக் கூட்டிப் போனார். நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். இவ்வளவு வெயில் இருக்கும் என்று நினைக்கவில்லை. வண்டியின் ஒரு பக்கம் மட்டும் முக்கால் கிலோமீட்டர் நடை, அப்புறம் மறுபக்கம். ஒவ்வொரு சக்கரத்தையும் குனிந்து பார்க்க வேண்டும். அவள் இதைத் தினமும் செய்துகொண்டிருந்தாள்.

வேலையாட்கள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். கோதண்டம் உற்சாகத்தில் ஒரு வேகனைக் காட்டி, அக்கா இது என்ன சொல்லுங்க என்றார். பிலோ நிமிர்ந்து பார்த்தாள். "பாக்ஸன்" என்றாள்.

கூரை போட்ட வேகன் அது. பி.சி.என். எனக்கே தெரிந்தது.

"ஆமாங்கா" என்றார் கோதண்டம். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

பிலோ மறுபடி வேகனைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே திரும்பி, காலை இழுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள்.

ஆகஸ்ட் 21, திங்கள்

பேசவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

பேசவில்லை. ஜெபமும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு வர மறுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 24, வியாழன்

பள்ளிக்கு அரை நாள் விடுப்புப் போட்டேன். இதை எழுதாமல் இந்த நோட்டை மேற்கொண்டு எழுதுவதில் பொருளில்லை.

ஜூன் 18 அன்று மூன்று மணிக்கு அவள் நன்றாக இல்லை. நான் மேசையில் தமிழ் மன்றச் சொற்பொழிவுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பிலோ வந்து பக்கத்தில் நின்றாள். "ஏங்க, அந்த பாக்ஸன்... பாக்ஸன குடுங்க" என்றாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டிலாவது தமிழ் பேசு என்றேன். அவள் இன்னும் ஏதோ சொன்னாள், குழறியது. விளையாடாதே, எனக்கு வேலை இருக்கிறது என்றேன். போய்ப் படுத்துக்கொண்டாள். நான் ஆறரை வரை எழுதினேன். சொற்பொழிவின் தலைப்பு 'பிழையின்றிப் பேசுவோம்'.

நாலரை மணி நேரம் என்று டாக்டர் சொன்னபோதே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. மெஹருன்னிசாவிடம் சொல்லவில்லை. டெய்சியிடம் சொல்லவில்லை.

இன்று சொன்னேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பிலோவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரும்பினாள். வெகுநேரம் என்னைப் பார்த்தாள். உதடு இரண்டு மூன்று தரம் முயன்றது.

"தெரியும்" என்றாள்.

இதுவரை வராத சொல் அது. என் கண்ணைத் துடைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் செய்யவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். சாயங்காலம்வரை கோபமாக இருந்தாள். ஆனால் தட்டு வைத்ததும் வந்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மெஹருன்னிசாவிடம் இரண்டையும் சொன்னேன், மூன்று மணியையும் யார்டையும். முதலாவதைக் கேட்டுப் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நானா இருந்தாலும் கோபந்தான் சார் வரும்" என்றார். இரண்டாவதற்கு, தப்பைத் தப்பு என்று யாரும் சொல்லாவிட்டால் அவர்கள் எப்படித் திருத்திக்கொள்வார்கள் என்று கேட்டார்.

அந்தக் கேள்வி மண்டையிலேயே நிற்கிறது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பிழையைத் திருத்தியே சம்பாதித்தவன் நான்.

செப்டம்பர் 1, வெள்ளி

பிலோ மறுபடி ஸ்டேஷனுக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தோம். நெல் வண்டி வந்தது. நான் அதைக் காட்டி, இதுதானே டேங்க் என்றேன். பேச்சுத் துணைக்குத்தான் சொன்னேன், வாய் தவறியது. பிலோ திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இல்ல" என்றாள். பிறகு, வெகு சிரமத்தோடு, "மூடி... மூடினது. பி.சி.என்."

வண்டி போய் முடியும்வரை அந்த வேகன்களையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

இன்று மூன்று தப்பு சொன்னேன். மூன்றையும் திருத்தினாள்.

செப்டம்பர் 8, வெள்ளி

வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டம், ஸ்டேஷனில் பெஞ்ச் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே ஒரு கூட்ஸ் பார்த்தோம். பாபினைக் காட்டி, இதில் கார் ஏற்றுவார்களா என்றேன். "ஜல்லி. ஜல்லிங்க. கீழ... கதவு" என்றாள். கையால் கதவு திறப்பதையும் ஜல்லி கொட்டுவதையும் காட்டினாள். பக்கத்தில் நின்ற யாத்திரைக்காரர் ஒருவரும் கவனித்துக் கேட்டார். நான் இன்னும் புரியாத மாதிரி நின்றேன். அவள் அவருக்கும் சேர்த்து இரண்டாம் முறை சொன்னாள்.

செப்டம்பர் 13, புதன்

காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரித்தேன். வீட்டில் தப்புகளைத் தயாரிக்கவும் நேரம் வேண்டியிருக்கிறது. ரொம்பவும் அசட்டுத்தனமாக இருக்கக்கூடாது.

செப்டம்பர் 17, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். நிலக்கரி வண்டியின் கடைசியில் போன கார்டு வேனைக் காட்டி, அதில் பெட்ரோல் வருமா என்று கேட்டேன். பிலோ பதில் சொல்லவில்லை. என் தொடையில் நன்றாகக் கிள்ளினாள்.

"வேணும்னே சொல்றீங்க."

முழு வாக்கியம். எழுவாய் தோன்றாமல் வந்தாலும் முழு வாக்கியம். நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்து ஒரு வண்டி வந்தது. தட்டையாக, வெறுமையாக. இது தண்டவாளம் ஏற்றும் பி.ஆர்.என். தானே என்று கேட்டேன். இதை நான் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அவளும் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். இந்த முறை கிள்ளவில்லை. பொறுமையாக, "கன்டெய்னருக்கு. பி.எல்.சி. உயரம்... கம்மி" என்று சொல்லிக் கொடுத்தாள். பி.ஆர்.என். அதைவிட உயரம் என்று கையைத் தூக்கிக் காட்டினாள்.

எனக்கு எது நிஜத் தப்பு, எது பொய்த் தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் இருபத்தாறு வருடம் அவள் முகத்தை இப்படிப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 27, புதன்

மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள். என்னை ஓரமாக உட்காரச் சொன்னார்கள், நடுவில் பேசக்கூடாது என்றார்கள். நடக்கச் சொன்னார்கள், குனியச் சொன்னார்கள். குனிந்தவளால் சட்டென்று நிமிர முடியவில்லை. வேலை என்ன என்று கேட்டதற்கு, "வண்டி... பாக்கறது. நிக்கலாமா, போலாமா. சொல்றது" என்றாள். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. அவசரமாகத் தவறு கண்டால் கத்திச் சொல்ல முடியுமா என்று பெரிய டாக்டர் கேட்டார். பிலோ யோசித்தாள். "மெதுவா... சொல்வேன்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

கடைசியில், கூட வந்திருப்பது யார் என்று கேட்டார்.

"வீட்டுக்காரர்."

"பேரு?"

பிலோ என் பக்கம் திரும்பினாள். வெட்கப்பட்டாள். இந்த வயதில், அந்த மூன்று பேர் முன்னால், கழுத்தெல்லாம் சிவக்க வெட்கப்பட்டாள்.

"இன்னாசிமுத்து" என்றாள்.

டாக்டருக்கு அது ஒரு கேள்வி, அவ்வளவுதான். அவர் அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 6, வெள்ளி

உத்தரவு வந்தது. யார்டு வேலைக்குத் தகுதியில்லை, உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தகுதி. யார்டை ஒட்டிய அதே டிப்போவில், பழுதான வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் சிக் லைனில், பதிவு மேசை.

அதிகாரி அன்பாகத்தான் பேசினார். கன்ட்ரோலிலிருந்து வரும் போனை வேறொருவர் எடுத்துக்கொள்வார், அம்மா எழுதினால் போதும் என்றார். பிலோ அவரை முறைத்தாள்.

வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டைகளை எடுத்து மடித்தாள். "யார்டு" என்று ஒருமுறை சொன்னாள். மூன்றாவது சட்டையை மடிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்று தப்பு எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

முதல் நாள். டிப்போ வரை கூட நடந்தேன். காலைச் சங்கு ஊதுமுன் போய்விட்டோம். கோதண்டம் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். பிலோ அதில் உட்காராமல் என்னை நேரே சிக் லைனுக்குக் கூட்டிப் போனாள். ஆறு வேகன் நின்றது. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பழுதுச் சீட்டு ஒட்டியிருந்தது.

"இது வீல். தேஞ்சுபோச்சு. இது கப்ளிங். இது... கதவு, மூடல" என்றாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாவதன் முன் நின்றாள். கோதண்டம் சாய்ந்து, அது ஸ்பிரிங் உடைஞ்சதுக்கா என்றார். பிலோ குனிந்து பார்த்தாள்.

"ஸ்பிரிங் இல்ல. நல்லா பாரு" என்றாள்.

கோதண்டம் நன்றாகப் பார்த்துவிட்டு, "ஆமாங்கா, தப்பா சொல்லிட்டேன்" என்றார். அவர் சொன்னது எந்த வகைத் தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

பள்ளிக்குத் தாமதமாகப் போனேன். ஆசிரியர் அறையில் காரணம் கேட்டார்கள். என் மனைவி வேகன் பரிசோதகர், இன்று வேலையில் திரும்பச் சேர்ந்தாள் என்றேன். ஆபீஸ் என்றல்லவா சொன்னீர்கள் என்று கணக்கு வாத்தியார் கேட்டார். பொய் சொன்னேன் என்றேன்.

திரும்பி வரும்போது மழை. நனைந்துவிட்டேன்.

அக்டோபர் 19, வியாழன்

இவருக்குக் காய்ச்சல். நூத்தி ரெண்டு. இன்று நான் எழுதுகிறேன். இடது கை. கோணல்.

நோட்டு முழுக்க படித்தேன். நாலு நாள் ஆச்சு படிக்க.

நேற்று சிக் லைனில் எட்டு வேகன். சரியாகி ஃபிட் ஆனது மூன்று.

காலை கஞ்சி வைத்தேன். குடித்தார். எழுந்து பள்ளிக்குக் கிளம்பினார். படுங்க என்றேன். லீவு சொல்லணும், போன் குடு என்றார். தொண்டை கட்டி, அவருக்குக் குரல் காற்றாகத்தான் வந்தது.

போனை நான் வைத்துக்கொண்டேன். வாசலுக்கு வந்தேன். நம்பர் போட்டேன். ஹெட்மாஸ்டர் எடுத்தார்.

வார்த்தை வரவில்லை. ஹலோ ஹலோ என்றார். வைக்கவில்லை. நின்றேன்.

சாருக்குக் காய்ச்சல். இன்னைக்கு வரமாட்டார் என்றேன்.

யாரும்மா பேசறது என்று கேட்டார்.

பிலோமினா என்றேன்.